பத்து மணி நாளும் மூன்று ஷிப்டும்

இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பெரிய சிஸ்டர், செருப்பைக் கழற்றியபடியே வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். கடிகாரம் அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு முள்ளைக் காணவில்லை. மிச்சமிருந்த ஒற்றை முள் மூன்றுக்குச் சற்று முன்னால் நின்றது. உச்சியில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தது. கீழே, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

தூக்கக் கலக்கத்தில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் பத்துதான்.

"என்னங்க, கடிகாரத்துக்கு என்ன ஆச்சு?"

டீயோடு வந்த கணவரின் முகம் பரீட்சையில் தேறிய பையனின் முகம்போல இருந்தது. "ஒண்ணும் ஆகல. இப்பத்தான் அது சரியாச்சு. மணி ரெண்டு எண்பது."

"காலங்காத்தாலயா?"

"பத்து மணிக் கணக்குல. இனிமே ஒரு நாளைக்குப் பத்தே மணி. மணிக்கு நூறு நிமிஷம், நிமிஷத்துக்கு நூறு விநாடி. நடுராத்திரி பத்து, நடுப்பகல் அஞ்சு. பெரிய முள்ளே தேவையில்ல. ஒரு நாளைக்கு ஒரே சுத்து சுத்துற மெஷினை வரவழைச்சு நானே மாட்டினேன். எவ்வளவு சுளுவா இருக்கு பாரு!"

பெரிய சிஸ்டருக்கு இராத்திரி முழுக்க நின்ற கால்கள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன. "சரிங்க. உங்க ரெண்டு எண்பதுக்கு எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுக் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். எழுந்து பார்க்கும்போது கிறுக்குத் தெளிந்து எல்லாம் பழையபடி ஆகியிருக்கும் என்று நம்பினார். ஆகவில்லை.

பெரிய சிஸ்டர் என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். பதினெட்டு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, அறுவை சிகிச்சை வார்டுக்கே தலைமையாக உயர்ந்தவர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டுகளில்தான் அவருடைய வாழ்க்கை ஓடியது. பசி, தூக்கம், கோபம் எல்லாமே எட்டு மணி நேரத் துண்டுகளாகத்தான் வரும். ஒரே மகளைப் பெற்றதுகூட ஷிப்டு மாறும் நேரத்தில்தான். குழந்தையைக் கையில் வாங்கியது நான்தான் என்று காலை நர்சும் மதிய நர்சும் அந்த மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணவருக்குத் தெருவில் முத்திரைக்காரர் என்று பெயர். எடை அளவு அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து, கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் ராத்தல் போய்க் கிலோ வந்தது, அடி போய் மீட்டர் வந்தது. மார்க்கெட் மார்க்கெட்டாகப் போய்ப் பழைய கற்களைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார். ஒரு மீன்காரம்மா மீன் கழுவின தண்ணீரை அவர் தலையில் அப்படியே கவிழ்த்தார். மனிதர் சட்டையைப் பிழிந்துவிட்டு, "எல்லாம் பத்துப் பத்தா வந்துடும்மா, உங்களுக்குத்தான் லேசு" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனாராம்.

அப்படியே வந்தது. எடை வந்தது, நீளம் வந்தது, சில்லறைக் காசும் வந்தது. நேரம் மட்டும் வரவில்லை. அதற்கான உத்தரவு என்றைக்காவது வரும் என்று வேலை பார்த்த காலமெல்லாம் காத்திருந்தார். ஓய்வுபெற்ற அன்று பூமாலையும் கையுமாக நின்றபோது மேலதிகாரியிடம் கேட்டே விட்டார். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார். மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கடிகாரம் சுவரில் ஏறியது.

இவர்கள் இருவரும் சந்தித்ததே ஒரு சண்டையில். குழந்தை வார்டில் இருந்த எடை மெஷின் தப்பு என்று சொல்லி அதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார் இளம் ஆய்வாளர். குறைமாதக் குழந்தை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற இளம் நர்ஸ், "இதை இப்ப எதுல நிறுக்கறது, உங்க தலையிலயா?" என்று கத்தினார். மறுநாள் காலை வேறொரு மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டி, மேட்டில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார் அவர். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். தப்புச் செய்யாத மனிதர், ஆனால் எதையும் விட்டுத்தொலைக்காத மனிதர் என்று பெரிய சிஸ்டர் அன்றைக்கே எடைபோட்டார். அதில் முதல் பாதிதான் கல்யாணம்வரை ஞாபகம் இருந்தது.

கடிகாரம் வந்த பிறகு வீடு வீடாக இல்லை. குக்கரை எப்போது இறக்குவது என்று கேட்டால் "இன்னும் எட்டு நிமிஷம்" என்பார். அவருடைய நிமிஷம் ஊரார் நிமிஷத்தைவிடக் கிட்டத்தட்ட அரை மடங்கு கூடுதல் நீளம் என்பது அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் பெரிய சிஸ்டருக்கு நினைவுவரும். மகள் தொலைபேசியில், "அப்பா, இங்க இவரோட கடிகாரத்தையும் மாத்த வரப்போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். கூடவே இருந்து அனுபவிக்கிற பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர் வீட்டு டெய்லர் ஒரு மழைநாளில் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சார், மணி என்ன?" என்று கேட்டார். கடையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளியே கும்மிருட்டு. "நாலு முப்பது" என்றார் முத்திரைக்காரர். பள்ளிக்கூடச் சீருடைகளை நாலரைக்குள் தருவதாகச் சொல்லியிருந்த டெய்லர், பித்தான் வைக்காத சட்டைகளை அள்ளிக்கொண்டு மழையில் ஓடினார். அங்கே அப்போதுதான் இரண்டாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தவர் முத்திரைக்காரரிடம் ஒன்றும் பேசவில்லை. பெரிய சிஸ்டரிடம் வந்து, "அக்கா, நீங்க நர்ஸ். உங்களுக்கே தெரியும். நல்ல டாக்டரா ஒருத்தர்கிட்ட காட்டுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் பெரிய சிஸ்டர் பொரிந்துதள்ளிவிட்டார்.

"ஊர்ல யாருக்கும் இல்லாத கணக்கு நமக்கு மட்டும் எதுக்குங்க? பத்துப் பத்தா நேரம் வச்சா நல்லதுன்னா இத்தனை நாள் எவனும் செஞ்சிருக்க மாட்டானா?"

"செஞ்சாங்களே! இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல சட்டமே போட்டாங்க. பத்து மணிக் கடிகாரம் எல்லாம் செஞ்சாங்க."

"அப்புறம்?"

அவர் கொஞ்சம் இழுத்தார். "ரெண்டு வருஷம் தாங்கல."

"தாங்காது. அவங்க வீட்டுப் பொம்பளைங்க தூக்கிப் போட்டு உடைச்சிருப்பாங்க. சரி, அதை விடுங்க. என் டியூட்டியை உங்க கடிகாரத்துல சொல்லுங்க பார்ப்போம். காலை ஆறு மணி?"

"ரெண்டரை." பெருமையாகச் சொன்னார்.

"முடியறது மதியம் ரெண்டு."

"அஞ்சு எண்பத்து மூணு..." நிறுத்தி, பென்சிலைத் தேடினார். "அப்புறம் ஒரு முப்பத்து மூணு விநாடி. அதுக்கும் மேல ஒரு மூணு, பக்கத்துல இன்னொரு மூணு..."

"அது எப்பங்க முடியும்?"

"முடியாது. பத்தை மூணால வகுத்தா மீதி நின்னுக்கிட்டே இருக்கும்."

"அந்த மீதி நேரத்துல என் பேஷன்ட்டை யார் பார்க்கறது? உங்க மூணா?"

முத்திரைக்காரர் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பெரிய சிஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் தப்பாகப் போனது. அந்த மனிதர் யோசித்து யோசித்து, தவறு பத்தில் இல்லை, மூன்றில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஒரு நாளை ஏன் மூன்றாக வெட்ட வேண்டும்? இரண்டாக வெட்டினால் ஆளுக்கு ஐந்து மணி, மிச்சம் மீதி இல்லை. பதினொரு பக்கம் எழுதி, வட்டம் வட்டமாகப் படம் போட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி நிர்வாகியைப் போய்ப் பார்த்தார். நிர்வாகி டீ வரவழைத்துக் கொடுத்து, மிக நல்ல யோசனை என்று கைகுலுக்கி அனுப்பினார்.

அந்த மாதக் கடைசியில் நர்சுகளின் அறைக்கு வெளியே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் முதல் இரண்டே ஷிப்டு. காலை ஆறு முதல் மாலை ஆறு, மாலை ஆறு முதல் காலை ஆறு. அறிவிப்புக்கு முன்னால் கூட்டம். அலுவலக உதவியாளர் அந்தப் பக்கமாக வந்தவர், "உங்க வீட்டுக்காரர்தானே சிஸ்டர் வந்து இதையெல்லாம் விளக்கிட்டுப் போனாரு" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். அத்தனை தலைகளும் பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பின.

கைக்குழந்தைக்காரியான ஒரு நர்ஸ்தான் முதலில் வாய்திறந்தாள். "என் புள்ளைக்குப் பால் குடுக்க எட்டு மணி நேரமே இழுபறி சிஸ்டர். பன்னெண்டு மணி நேரம் அது என்ன செய்யும்?"

பெரிய சிஸ்டருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. மிச்ச டியூட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர முடிந்தது.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க நீங்க?"

"ஏன், ஏத்துக்கிட்டாங்களா?" அவர் எழுந்தே விட்டார். "அஞ்சஞ்சு மணி நேரம்தானே, எவ்வளவு சரியா..."

"அஞ்சா? உங்க அஞ்சு மணி எனக்குப் பன்னெண்டு மணிங்க! பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். நடக்கணும். தூக்கணும். ஊசி போடணும். பேரைக் கொஞ்சமாக்கிட்டா நேரம் கொஞ்சமாயிடுமா? படிக்கல்லு பின்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்து முத்திரை குத்தின உங்களுக்கு என்ன தெரியும் நிக்கறதுன்னா?"

அவர் பார்வை மேஜைமேல் கிடந்த பென்சில் பக்கம் போனது. தாளை எடுத்துக் கணக்குப் போடப் போகிறாரோ என்று பெரிய சிஸ்டர் பயந்தார். போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்குக் கடிகாரம் தெருவில் கிடந்திருக்கும்.

புது ஷிப்டு தொடங்கிய முதல் நாள் காலை ஆறு மணிக்கு, பெரிய சிஸ்டர் வார்டுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால், வராந்தாவில் முத்திரைக்காரர் நிற்கிறார்.

"இங்க என்ன வேலை?"

"நீ சொன்னேல்ல. நிக்கறதுன்னா என்னன்னு பார்க்கறேன்."

"ஐயோ! ஏற்கெனவே எல்லாரும் என்னைப் பார்த்து முணுமுணுக்கறாங்க. வீட்டுக்குப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போகவில்லை. பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. அவரை வார்டு ஆள் என்று நினைத்து ஒரு நோயாளியின் அண்ணன் வெந்நீர் கேட்டார். இன்னொருவர் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார். தள்ளினார். மதியம் இரண்டு மணிக்குமேல் சுவரில் சாய்ந்தார். நாலு மணிக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகு கண் இருட்டி, அப்படியே சரிந்தார். பத்து மணி நேரம் தாண்டித் தள்ளாடிக்கொண்டிருந்த நர்சுகளுக்கு, தூக்கிக் கட்டிலில் போட்டு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நோயாளி கூடுதலாகக் கிடைத்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன்!" பெரிய சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையில் பட்டையைச் சுற்றினார். கைக்குழந்தைக்காரி சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு அவளிடம், "பிள்ளை அழுவுமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் நிர்வாகியின் அறைக்கு இருவரும் போனார்கள். கணவரைத் தனியாக விட்டால் இன்னும் எதையாவது வகுத்து வைப்பார் என்ற பயத்தில்தான் பெரிய சிஸ்டர் கூடவே போனார். முத்திரைக்காரர் உட்காரவில்லை.

"சார், நான் குடுத்த யோசனை தப்பு. பத்தை மூணால வகுக்க வராது. ஆனா மனுஷங்க ஒரு நாளை மூணாத்தான் வகுக்க வேண்டியிருக்கு. வேலைக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. அதனால பத்துதான் சார் சரியில்ல. நான் அதை வாபஸ் வாங்கிக்கறேன். நீங்களும் பழைய ஷிப்டையே வச்சிடுங்க."

நாற்பது வருஷ நம்பிக்கையை அந்த மனிதர் ஒரே மூச்சில் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

நிர்வாகி புருவத்தைச் சுருக்கினார். "எந்தப் பத்து?"

"அந்தப் பதினொரு பக்கம் சார். பத்து மணிக் கணக்கு."

"ஓ, அதுவா." அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "இங்கதான் எங்கயோ இருக்கணும். சார், ரெண்டு ஷிப்டுங்கறது போன வருஷமே முடிவான விஷயம். ஆள் பற்றாக்குறை. நீங்க வந்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சிஸ்டரோட வீட்டுக்காரராச்சேன்னு ஒரு டீ குடுத்தேன், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் முத்திரைக்காரர், "அப்ப நான் காரணமில்ல" என்றார். நிம்மதியாக இருக்க வேண்டிய வார்த்தை. ஆனால் அவர் முகம், மீன் தண்ணீர் கொட்டிய அன்றுகூட அப்படி ஆகியிருக்காது.

பெரிய சிஸ்டருக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இத்தனை நாளும் பழியைச் சுமந்தது வீண். கணவரைத் திட்டியதும் வீண். போதாததற்கு இவர் வராந்தாவில் நின்று மயங்கி விழுந்ததும் வீண். எல்லாவற்றையும்விட, அந்த நிர்வாகி ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. விறுவிறுவென்று திரும்பி உள்ளே போனார்.

"சார், அந்தத் தாளைக் குடுங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"நீங்க படிக்க மாட்டீங்க. படிக்கறவங்க யாராவது படிக்கட்டும்."

நிர்வாகி தேடினார். கடைசியில் ஜன்னலோரம் பூத்தொட்டிக்கு அடியில் இருந்தது. முதல் பக்கத்தில் வட்டமாக ஈரக்கறை.

ஷிப்டு பழையபடி மாறியது, ஆனால் நர்சுகள் கேட்டுக்கொண்டதால் அல்ல. அவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவும் அந்தப் பூத்தொட்டிக்கு அடியில் போனதோ என்னவோ. ஒரு மாலை ஆபரேஷன் முடிந்து தைக்கும் நேரத்தில், ரத்தம் ஒற்றும் துணி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பதினோராவது மணி நேரத்தில் இருந்த நர்ஸ் மறுபடி மறுபடி எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது. வயிறு திறந்தபடி நோயாளி கிடக்க, எல்லாரும் தேடினார்கள். துணி மேஜைக்காலடியில் ஒருவர் செருப்பின் கீழ் ஒட்டியிருந்தது. பெரிய சர்ஜன் முதலில் நர்சைத் திட்டினார். அவள் நின்றபடியே கண்ணை மூடித் தூங்கிவிழுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு தையலை முடித்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் நேரே நிர்வாகியின் அறைக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. கதவு சாத்தியிருந்தும் சத்தம் மட்டும் வார்டுவரை கேட்டது. அடுத்த வாரம் மூன்று ஷிப்டு திரும்ப வந்தது. "நிர்வாகத்தின் நல்லெண்ணத்தால்" என்று அறிவிப்பு சொன்னது. அதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தைக்காரி சிரித்த சிரிப்பில் பாதி அழுகை.

வீட்டில் முத்திரைக்காரர் தாமாகவே கடிகாரத்தைக் கழற்றிப் பழைய மெஷினை மாட்டியிருந்தார். அதற்குப் பிறகு அவரிடம் கேட்டால் பதில், கேட்காவிட்டால் ஜன்னல். மணி கேட்டால், "ஆறரை" என்று ஊராரைப்போலச் சொன்னார். பெரிய சிஸ்டருக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. மாதக்கணக்காக வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியது தாம்தான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஓய்வு நாள் ஒன்றில், துணி மடிப்பதை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பதினொரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கையெழுத்து அச்சுப்போல இருந்தது. படங்களும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் நான்காம் பக்கம் வந்ததும் தாங்கவில்லை.

"இங்க வாங்க. சார்ஜ் குடுக்கறதுக்கு நேரமே விடலையே நீங்க? ஒருத்தி போனதும் அடுத்தவ அப்படியே எடுத்துடுவாளா? எந்தக் கட்டில்ல யாருக்கு என்னன்னு சொல்ல வேண்டாமா?"

அவர் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார். "அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"அரை மணியாவது."

"என் அரை மணியா, உன் அரை மணியா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா!" பெரிய சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உட்காருங்க முதல்ல. ஆறாம் பக்கத்துல டீ குடிக்கறதுக்கே நேரம் வைக்கல. இதையெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன, கிரீடம் இறங்கிடுமா?"

முத்திரைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.